பெயர் தெரியாத குடும்பத்துக்கு எழுதும் நன்றிக் கடிதம்

உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது பேச்சு முதலில் மருந்துகளைப் பற்றியும் இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பற்றியும்தான் இருக்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு, புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு சரியாக இருக்கிறதா, சர்க்கரை ஏறியிருக்கிறதா, கை நடுக்கம் குறைந்ததா என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகு, சற்றுத் தயங்கி யாராவது ஒருவர் கேட்பார்: "கொடுத்தவர்களின் குடும்பத்துக்கு எழுதினீர்களா?" இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "எழுத வேண்டும் என்றுதான் இருக்கிறேன், என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை" என்பதே. இறந்துபோன ஒருவரின் சிறுநீரகத்தைப் பெற்று வாழ்பவன் நான். அவருடைய குடும்பத்துக்கு எழுதியிருக்கிறேன். அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது, ஏன் அதையும் மீறி எழுத வேண்டும் என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். எழுதாமல் இருப்பவர்களை நன்றியில்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவர்கூடத் தம் கொடையாளரை மறந்து ஒரு நாளைக் கழிப்பதில்லை. ஒருவர் ஒவ்வொரு வேளை மாத்திரையையும் அவரை நினைத்துவிட்டே விழுங்குகிறார். இன்னொருவர் அறுவை சிகிச்சை நடந்த தேதியன்று யாரிடமும் பேசாமல் தனியாக இருந்துவிடுகிறார். நினைப்பு இருக்கிறது, அதைத் தாளில் இறக்கி வைக்கத்தான் கை வரவில்லை. ஆறத் தொடங்கியிருக்கும் புண்ணைக் கீறிவிடுவோமோ என்ற அச்சம் ஒன்று. கடிதத்தைப் பிரிக்கப்போவது தாயா, கணவரா, பத்து வயதுப் பிள்ளையா என்று தெரியாத குழப்பம் மற்றொன்று. இவை இரண்டுக்கும் அடியில், வெளியே சொல்லக் கூசும் மூன்றாவது ஒன்று இருக்கிறது. ஒருவர் இறந்ததால்தானே நான் பிழைத்தேன் என்ற குற்ற உணர்வு அது. மற்ற இரண்டையும்விட இதுவே பலருடைய பேனாவைப் பிடித்து நிறுத்துகிறது என்பது என் எண்ணம்.

காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறிய நாளிலிருந்தே இந்த உணர்வு தொடங்கிவிடுகிறது. தொலைபேசி ஒலிக்காதா என்று ஏங்குகிறோம். அது ஒலிக்க வேண்டுமானால் எங்கோ ஒரு வீட்டில் இழவு விழ வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே, ஒருவருடைய சாவுக்காகக் காத்திருக்கிறோம் என்று நம் மனமே நம்மைக் குற்றம் சாட்டுகிறது. இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்பதை எனக்குப் புரியவைத்தது ஆறுதல் வார்த்தை எதுவும் அன்று. மூளைச்சாவு என்பது எப்படி நிகழ்கிறது, எப்படி உறுதிசெய்யப்படுகிறது என்பதைப் பொறுமையாகத் தெரிந்துகொண்டதுதான் எனக்குத் தெளிவைக் கொடுத்தது.

விபத்தில் தலையில் பலத்த அடி படும்போதோ மூளைக்குள் பெரிய இரத்தக்குழாய் வெடிக்கும்போதோ மூளை வீங்குகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் மூளைக்கு இரத்தம் செல்வதே நின்றுவிடுகிறது. மூச்சையும் விழிப்பையும் ஆளும் மூளைத்தண்டு இறந்துவிடுகிறது. வென்டிலேட்டர் நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்திக்கொண்டிருப்பதாலும், இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க மருந்துகள் ஏறிக்கொண்டிருப்பதாலும் இதயம் இன்னும் சில மணி நேரமோ சில நாள்களோ துடிக்கிறது. ஆனால் அந்த மனிதர் போய்விட்டார். 1968ஆம் ஆண்டில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் குழு ஒன்று இந்நிலையை வரையறுத்து வெளியிட்ட அறிக்கையிலிருந்துதான் இன்று பல நாடுகளும் பின்பற்றும் விதிமுறைகள் வளர்ந்தன. கண்ணில் ஒளி பாய்ச்சிப் பார்க்கிறார்கள். கருவிழியைப் பஞ்சால் தொட்டுப் பார்க்கிறார்கள். தொண்டைக்குள் குழாய் பட்டால் இருமல் வருகிறதா என்று பார்க்கிறார்கள். கடைசியாக, ஆக்சிஜனை மட்டும் கொடுத்துவிட்டு வென்டிலேட்டரின் இயக்கத்தை விலக்கி, இரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று மார்பைப் பார்த்தபடி நிற்கிறார்கள். உறுப்பு மாற்றுக் குழுவில் இல்லாத மருத்துவர்களே இதைச் செய்ய வேண்டும் என்பது விதி.

இவ்வளவும் முடிந்து, இறப்பு உறுதியான பிறகே உறுப்பு தானத்துக்குக் குடும்பத்தாரின் ஒப்புதல் பெறப்படுகிறது. சாவு முன்னால் வருகிறது. என்னைப் போன்றவர்கள் அதற்குப் பின்னால்தான் அந்தக் கதைக்குள் நுழைகிறோம். பட்டியலில் என் பெயர் இல்லாமல் இருந்திருந்தாலும் அவர் அன்று இறந்துதான் இருப்பார். அவர் எனக்காக இறக்கவில்லை. அவர் இறந்த பிறகு அவருடைய வீட்டார் எனக்காக ஒன்றைச் செய்தார்கள். இந்த வரிசை மனத்தில் சரியாகப் பதிந்துவிட்டால், யாருக்கு நன்றி சொல்ல வேண்டும், எதற்காகச் சொல்ல வேண்டும் என்பதும் தெளிந்துவிடுகிறது.

அந்த வீட்டார் என்ன செய்தார்கள் என்பதைச் சற்று நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு தாளில் கையெழுத்திட்டார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கையெழுத்துக்குப் பின்னும் வேலை முடிந்துவிடுவதில்லை. இரத்த வகை பார்க்க வேண்டும்; திசுப் பொருத்தம் பார்க்க வேண்டும்; நோய்த்தொற்று ஏதும் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்; எந்த உறுப்பு யாருக்கு என்று முடிவாக வேண்டும்; வெவ்வேறு மருத்துவமனைகளிலிருந்து குழுக்கள் வந்து சேர வேண்டும். எடுத்த பிறகு இதயம் ஏறக்குறைய நான்கு மணி நேரமே தாங்கும் என்பதால், பெறுகிறவரும் அறுவை அரங்கில் ஆயத்தமாக இருக்க வேண்டும். இதற்கெல்லாம் பல மணி நேரம் ஆகிறது. சில சமயம் ஒரு நாளைத் தாண்டியும் போகிறது. அந்த நேரம் முழுவதும் குடும்பத்தார் தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே உள்ளே போய்ப் பார்த்தால் உடல் சூடாக இருக்கிறது. மார்பு ஏறி இறங்குகிறது. திரையில் இதயத் துடிப்பின் கோடு ஓடிக்கொண்டிருக்கிறது. மற்றவர்கள் எல்லோரும் மூச்சு நின்ற பிறகு விடை கொடுக்கிறார்கள். இவர்கள் மார்பு அசைந்துகொண்டிருக்கும்போதே விடை கொடுத்து, கட்டிலை அறுவை அரங்குக்குத் தள்ளிச் செல்லச் சம்மதிக்கிறார்கள். உடலை எடுத்துச் சென்று காரியங்களைத் தொடங்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அதைத் தள்ளிவைத்து, முகம் தெரியாத ஒருவருக்காகக் காத்திருந்தார்கள். நான் பெற்றது சிறுநீரகம் மட்டும் அன்று. அவர்களுடைய வாழ்வின் மிகக் கொடிய நாளிலிருந்து சில மணி நேரத்தையும் பெற்றிருக்கிறேன்.

சட்டப்படி குடும்பத்தாரின் சம்மதம் தேவையில்லாத இடங்களிலும் இந்தக் கேள்வி அவர்களிடம் கேட்கப்படுகிறது. உயிரோடு இருக்கும்போது மறுப்புத் தெரிவிக்காதவர்கள் எல்லோரும் கொடையாளர்களே என்று ஸ்பெயின் 1979ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்துவிட்டது. ஆனாலும் அங்கே குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசாமல், அவர்கள் விருப்பத்தை மீறி உறுப்புகளை எடுப்பதில்லை. உலகிலேயே உறுப்பு தானத்தில் முன்னணியில் நிற்கும் நாடு, சட்டத்தைவிட அந்த உரையாடலைத்தான் நம்பியிருக்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்த மருத்துவத்தின் வரலாற்றைச் சொல்லும்போது அறுவை செய்தவர்களின் பெயர்கள்தான் முதலில் வருகின்றன. 1967 டிசம்பர் 3ஆம் தேதி கேப்டவுன் நகரின் குரூட்டே ஸ்கூர் மருத்துவமனையில் முதல் இதய மாற்று அறுவையைச் செய்த கிறிஸ்டியன் பர்னார்டின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்த இதயத்தைப் பெற்ற லூயிஸ் வாஷ்கான்ஸ்கியின் பெயர் சிலருக்காவது தெரியும். அவர் 18 நாள்கள் வாழ்ந்து, நிமோனியாவால் இறந்தார். எட்வர்ட் டார்வாலை எத்தனை பேருக்குத் தெரியும்? சாலையைக் கடக்கும்போது கார் மோதி அவருடைய மனைவி இறந்துவிட்டார். மகள் டெனிஸ், 25 வயதுப் பெண், பிழைக்க வழியில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த நிலையில் அவரிடம், உலகில் அதுவரை எவரும் செய்து முடித்திராத ஒன்றுக்குச் சம்மதம் கேட்டார்கள். மகளின் இதயத்தை வேறொருவருக்குப் பொருத்தலாமா என்று. அது வெற்றி பெறும் என்று சொல்ல அவர்களிடம் முன்மாதிரி எதுவும் இல்லை. அவர் சம்மதித்தார். டெனிஸின் சிறுநீரகம் ஒன்று பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கும் பொருத்தப்பட்டது. சம்மதம் என்று அவர் சொல்லியிருக்காவிட்டால் பர்னார்டின் கைத்திறனுக்கு அன்றிரவு வேலை இருந்திருக்காது. இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம், மனைவியையும் மகளையும் ஒரே நாளில் இழந்து மருத்துவமனையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு பெயர் நிக்கலஸ் கிரீன். 1994 செப்டம்பரில் அமெரிக்காவிலிருந்து இத்தாலிக்குச் சுற்றுலா வந்த குடும்பத்தின் காரை நெடுஞ்சாலையில் கொள்ளையர்கள் துரத்திச் சுட்டதில், பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த ஏழு வயது நிக்கலஸின் தலையில் குண்டு பாய்ந்தது. மூளைச்சாவு உறுதியான பிறகு, பெற்றோர்களான ரெஜ், மேகி இருவரும், தங்கள் பிள்ளையைக் கொன்ற மண்ணைச் சபிக்காமல், அவனுடைய உறுப்புகளை அந்த நாட்டு மக்களுக்கே கொடுத்தார்கள். ஐந்து பேர் உறுப்புகளையும் இருவர் கருவிழிகளையும் பெற்றார்கள். அதுவரை ஐரோப்பாவில் பின்தங்கியிருந்த இத்தாலியின் உறுப்பு தான விகிதம் அடுத்த பத்தாண்டுகளில் மும்மடங்கானது. பெற்றோர் பின்னர் அந்த ஏழு பேரையும் நேரில் சந்தித்தார்கள். கல்லீரலைப் பெற்றவர் சாவின் விளிம்பில் இருந்த 19 வயதுப் பெண். உடல் தேறி, மணம் செய்துகொண்டு, பின்னாளில் தனக்குப் பிறந்த மகனுக்கு நிக்கலஸ் என்றே பெயர் வைத்தார். ஆனால் 1999ஆம் ஆண்டில் இத்தாலி கொண்டுவந்த சட்டம், கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பது ஒருவருக்கொருவர் தெரியக் கூடாது என்று கட்டுப்படுத்திவிட்டது. இருதரப்பும் விரும்பினால் சந்திக்க இடம் கொடுக்க வேண்டும் என்று ரெஜ் கிரீன் முதிர்ந்த வயதிலும் வாதாடி வந்திருக்கிறார். பெற்றவர்களைப் பார்த்தது தங்களைத் துயரத்தில் ஆழ்த்தவில்லை, தாங்கள் எடுத்த முடிவுக்கு முகம் கிடைத்தது என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

பெயரை மறைக்கும் விதிக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. பெற்றவரிடம் யாராவது பணம் கேட்கலாம். இறந்தவரையே இவரிடம் தேடி, ஒரு குடும்பம் இவருடைய வாழ்க்கைக்குள் வந்து அமர்ந்துவிடலாம். பெற்றவருக்கு உறுப்பு செயலிழந்தால் அந்தக் குடும்பம் இரண்டாம் முறை இழவு காக்க நேரலாம். பிரான்சும் ஸ்பெயினும் பெயர் மறைப்பைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கின்றன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலில் பெயரில்லாக் கடிதப் போக்குவரத்து நடந்து, இருதரப்பும் எழுத்து மூலம் சம்மதித்தால் நேரில் சந்திக்கவும் வழி செய்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது வழிதான் மனிதத்தன்மைக்கு நெருக்கமானது. துக்கத்தில் இருக்கும் வயது வந்த மனிதர்களுக்கு எது தாங்கும், எது தாங்காது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அவசரம் இல்லாமல், நடுவில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்துகொண்டு அந்த முடிவுக்குத் துணைசெய்தால் போதும்.

அப்படி நடுவில் இருப்பவர்தான் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். நம் கடிதத்தை அவரிடமே கொடுக்க வேண்டும். அவர் படித்துப் பார்ப்பார். ஊர், மருத்துவமனை, குடும்பப் பெயர், முகவரி ஆகியவை இருந்தால் நீக்கச் சொல்வார். பிறகு கொடையாளரின் குடும்பத்தைத் தொடர்புகொண்டு, கடிதம் ஒன்று வந்திருக்கிறது, இப்போது வேண்டுமா, பிறகு வேண்டுமா, வேண்டவே வேண்டாமா என்று கேட்பார். வேண்டாம் என்றால் கடிதம் கோப்பில் பத்திரமாக இருக்கும். என்றாவது மனம் மாறிக் கேட்டால் கொடுப்பார்கள். புண்ணைக் கீறிவிடுவோமோ என்று அஞ்சுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். திறக்கும் உரிமை அவர்களிடம்தான் இருக்கிறது. நாம் எழுதிக் கொடுப்பதால் எந்தக் கதவையும் இடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவதில்லை.

இனி, என்ன எழுதுவது என்ற கேள்வி. நான் முதலில் எழுதிப் பார்த்த தாள்களில் பெரிய சொற்கள்தான் நிறைந்திருந்தன. தெய்வம், மறுபிறவி, ஈடு இணையற்ற தியாகம், வாழ்நாள் கடன். ஒவ்வொன்றும் உண்மையான உணர்ச்சிதான். ஆனால் படிக்கிறவர்களின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தபோது, அந்தச் சொற்களில் அவர்கள் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை என்று தெரிந்தது. அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க முடியும். கொடுத்தது போய்ச் சேர்ந்ததா? சேர்ந்த இடத்தில் என்ன நடந்தது? இதற்குப் பெரிய சொற்கள் பதில் சொல்லா. ஆகவே, நடந்ததை நடந்தபடி எழுதினேன்.

டயாலிசிஸில் இருக்கும் பலருக்கு நாளடைவில் சிறுநீர் பிரிவதே நின்றுவிடும். எனக்கும் நின்றிருந்தது. குடிக்கிற தண்ணீர் வெளியேற வழியில்லாததால், வாரத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், இயந்திரம்தான் அதை இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். அளவுக்கு மேல் குடித்துவிட்டால் கால் வீங்கும். படுத்தால் மூச்சு முட்டும். காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய தண்ணீரை அளந்து வைத்துக்கொள்வேன். மாத்திரை விழுங்குவதற்கே அதில் பாதி போய்விடும். வெயில் நாள்களில் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொள்வதும், ஒரே ஒரு பனிக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு கரையக் கரையக் காத்திருப்பதும் என் வழக்கமாக இருந்தது. வீட்டில் மற்றவர்கள் என் கண் முன்னால் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்தார்கள். அறுவை முடிந்து கண் விழித்தபோது கட்டிலின் பக்கவாட்டில் தொங்கிய பையில் சிறுநீர் சொட்டிக்கொண்டிருந்தது. செவிலியர் ஒவ்வொரு மணி நேரமும் குனிந்து அளவைப் பார்த்து எழுதிக்கொண்டார். சில நாள்களில், இனி நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், குறைந்தால்தான் தவறு என்று சொல்லி, ஒரு பெரிய டம்ளரை என் கையில் கொடுத்தார். பழைய அச்சத்தில் முதலில் ஒரு மிடறுதான் குடித்தேன். பிறகு, நிறுத்தாமல், கழுத்தில் வழிய வழியக் குடித்து முடித்தேன். இதைத்தான் கடிதத்தில் எழுதினேன். உங்கள் வீட்டுப் பிள்ளையின் சிறுநீரகம் இப்போது என் வலது அடிவயிற்றில் இருக்கிறது, என் பழைய சிறுநீரகங்களை எடுக்காமல் இதைத் தனியாக வைத்திருக்கிறார்கள், கையை வைத்தால் அதன் விளிம்பு தட்டுப்படுகிறது என்றும் எழுதினேன்.

டயாலிசிஸுக்காக என் முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைத்த ஃபிஸ்டுலா இன்னும் இருக்கிறது. விரலை வைத்தால் உள்ளே இரத்தம் அதிர்ந்து ஓடுவது தெரியும். அந்த நாள்களில் காலையில் எழுந்ததும் அந்த அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் நாளைத் தொடங்க வேண்டும்; அது நின்றுவிட்டால் டயாலிசிஸுக்கு வழி அடைபட்டுவிடும். இப்போது அதற்கு வேலை இல்லை. அதையும் எழுதினேன். "ஊசி குத்திய தழும்புகள் மங்கிக்கொண்டு வருகின்றன" என்ற ஒரு வாக்கியத்தை எழுதி முடிக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆயிற்று.

சிலவற்றை வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன். "அவர் என்னுள் வாழ்கிறார்" என்று எழுதவில்லை. பலர் அப்படி எழுதுகிறார்கள். படிக்கிற குடும்பத்தில் சிலருக்கு அது பெரிய ஆறுதலாகவும் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் தம் பிள்ளை இறந்துவிட்டான் என்பதை ஏற்றுக்கொள்ளப் போராடும் தாய்க்கு அந்த வாக்கியம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதபோது, அதை அவர் சொல்லிக்கொள்ளலாம், நான் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். கடவுளின் சித்தம் என்றும் எழுதவில்லை. என் நம்பிக்கை என்னோடு இருக்கட்டும்; அவர்களுடைய பிள்ளையை எடுத்துக்கொண்டு எனக்குக் கொடுத்ததாக ஒரு கடவுளை அவர்கள் முன் நிறுத்த எனக்கு உரிமை இல்லை. பதில் எழுதுங்கள் என்று கேட்கவில்லை. அவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றும் வற்புறுத்தவில்லை. "என்றாவது சொல்லத் தோன்றினால் கேட்க விரும்புகிறேன்" என்று மட்டும் கடைசியில் சேர்த்தேன். அவருடைய இறப்புக்கு வருந்துகிறேன் என்பதை நன்றிக்கு முன்னால் எழுதினேன். அந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதில் எனக்கு உறுதி இருந்தது.

பதில் உடனே வரவில்லை. வராமலே போகும் வாய்ப்புதான் அதிகம் என்று ஒருங்கிணைப்பாளர் சொல்லியிருந்ததால் நான் காத்திருக்கவும் இல்லை. வெகுகாலம் கழித்து, அவருடைய அக்கா எழுதிய சிறு கடிதம் ஒன்று வந்தது. அம்மாவுக்கு எழுத வராது என்பதால் தாம் எழுதுவதாகச் சொல்லி, தம்பியைப் பற்றி இரண்டு மூன்று செய்திகளை எழுதியிருந்தார். அவற்றை இங்கே சொல்வது முறையாகாது. அவை அந்தக் குடும்பத்துக்குரியவை. ஒன்றை மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். என் கடிதத்தில் தண்ணீர் குடித்ததைப் பற்றி வரும் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லி அம்மா கேட்கிறார் என்று எழுதியிருந்தார். பெரிய சொற்கள் நிறைந்த தாள்களை அனுப்பாமல் விட்டதற்காக அன்று மனம் நிறைந்தது.

நேரில் சந்திக்கும் குடும்பங்களைப் பற்றிய காட்சிகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இதயத்தைப் பெற்றவரின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, இறந்தவரின் தாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். அங்கே அவர் கேட்கும் துடிப்பு, மற்றவர்களின் இதயத் துடிப்பைவிடச் சற்று வேகமாக இருக்கும். எடுக்கும்போது இதயத்துக்குச் செல்லும் நரம்புகள் அறுபட்டுவிடுவதால், புதிய உடலின் கட்டளை அதற்கு நேரடியாக எட்டுவதில்லை. ஓய்வில் இருக்கும்போதும் நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை தன் போக்கில் துடிக்கிறது. மாடிப்படி ஏறினால் உடனே வேகம் கூடுவதில்லை. இரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகே மெல்லக் கூடுகிறது. ஓய்ந்து உட்கார்ந்த பிறகும் மெதுவாகத்தான் தணிகிறது. மருத்துவப் பாடமாக இதைப் படித்தபோது, அந்தத் தாய்மார்கள் ஏன் அவ்வளவு நேரம் காதை எடுக்காமல் கேட்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது.

கடிதத்தைவிடப் பெரிய நன்றி ஒன்று உண்டு என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அதை நானும் முழுமையாக நம்புகிறேன். பெற்ற உறுப்பைக் காப்பாற்றுவதுதான் அது. நம் உடல் அதை என்றைக்கும் அந்நியமாகவே பார்க்கிறது. 1980களில், உடலின் அந்த எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்த பிறகுதான் இறந்தவர்களின் உறுப்புகள் பெற்றவர் உடலில் நெடுங்காலம் நிலைக்கத் தொடங்கின. இன்று எங்களில் பெரும்பாலோர் டாக்ரோலிமஸ் எடுக்கிறோம். பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், நாள் தவறாமல், உயிர் உள்ளவரை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டு நாள் விட்டுவிட்டவர்கள் உறுப்பையே இழந்ததைப் பார்த்திருக்கிறேன். குறிப்பாக இளம் வயதினர் இப்படி இழக்கும்போது, எங்கோ ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்து மனம் பதறுகிறது. அதே சமயம், கொடையாளருக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்று சொல்லி அந்தப் பிள்ளைகளை மிரட்டுவதை நான் ஏற்பதில்லை. எந்தக் குடும்பமும் வட்டி கேட்டு இதைக் கொடுக்கவில்லை. பெற்றவர் மகான் ஆக வேண்டும், சாதனை செய்ய வேண்டும், எப்போதும் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வெளியிலிருந்து வருவது. சாதாரணமாக வேலைக்குப் போய், சாதாரணமாகச் சலித்துக்கொண்டு, சாதாரணமாக வயதாவதும் அந்தக் கொடைக்குள் அடங்கியதுதான்.

உறுப்பு நிலைக்காமல் போனவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள்தான் எழுதக் கூசி முற்றிலும் ஒதுங்கிவிடுகிறார்கள். இறந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகம் எல்லோருக்கும் ஆயுள் முழுவதும் வருவதில்லை. பலருக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தேய்ந்து, மீண்டும் டயாலிசிஸுக்குப் போக நேர்கிறது. சிலருக்குத் தொடக்கத்திலேயே வேலை செய்யாமல் போய்விடுகிறது. கொடுத்ததைக் காப்பாற்ற முடியவில்லையே, இனி எந்த முகத்தோடு எழுதுவது என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் அந்த ஆண்டுகள் நடந்தவை. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தது, தந்தையின் கடைசி நாள்களில் பக்கத்தில் இருந்தது, ஒரு முழு இரவு தூங்கியது எல்லாம் அந்த ஆண்டுகளுக்குள் நடந்தவை. வாஷ்கான்ஸ்கிக்குக் கிடைத்த 18 நாள்களுக்காகவும் ஒருவர் நன்றி சொல்லியிருக்கலாம். பெற்றவரே இறந்துவிட்டால், அவருடைய மனைவியோ மகனோ எழுதலாம். இருபுறமும் இழந்தவர்கள் எழுதிக்கொள்ளும் கடிதங்கள் அவை. அவற்றை ஏற்கத் தயங்கும் குடும்பங்களும் உண்டு, அவற்றையே மிகவும் போற்றிப் பாதுகாக்கும் குடும்பங்களும் உண்டு என்று ஒருங்கிணைப்பாளர் ஒருவர் என்னிடம் சொன்னார்.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது உறுப்பு பெற்றவராக இருந்து, இன்னும் எழுதாமல் இருந்தால், எத்தனை ஆண்டுகள் கடந்திருந்தாலும் நேரம் கடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். அவர்களிடம் இதற்கென்று வழிமுறை இருக்கும். ஒரு பக்கம் போதும். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். கையெழுத்து நடுங்கினால், மருந்தால் நடுங்குகிறது என்று அதையும் எழுதிவிடுங்கள். முதல் வாக்கியம் வரவில்லை என்றால், அறுவைக்கு முன் உங்களால் செய்ய முடியாமல் இருந்து, இன்று காலை நினைத்துக்கூடப் பார்க்காமல் செய்து முடித்த ஒரு சின்னக் காரியத்தை எழுதுங்கள். மற்ற வாக்கியங்கள் அதன் பின்னால் வரும்.